பூட்டிய வீடும் முப்பது விநாடியும்

எங்கள் பக்கத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவது லேசுப்பட்ட காரியம் இல்லை. காஸ் ரெகுலேட்டரை மூட வேண்டும். மோட்டார் சுவிட்சைப் பார்க்க வேண்டும். சாமி விளக்கு மலையேறிவிட்டதா என்று எட்டிப் பார்க்க வேண்டும். தேக்குக் கதவைச் சாத்திச் சாவியை இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். அப்புறம் போர்ட்டிகோவின் கிரில் கேட்டை இழுத்து நவ்தால் பூட்டைப் போட்டு, அதைப் பிடித்துத் தொங்கிப் பார்க்க வேண்டும். கடைசியில் காம்பவுண்டு கேட். இதற்கு நடுவில் யாராவது ஒருவருக்கு மூக்குக் கண்ணாடி ஞாபகம் வந்துவிடும்.

வீட்டு அலாரம் தயாரிக்கும் எந்தக் கம்பெனியும் இதையெல்லாம் கணக்கில் எடுத்துப் பெட்டியை அனுப்புவதில்லை. கணக்கு பார்க்கும் வேலை எங்களுடையது. தொண்ணூறுகளின் நடுவிலிருந்து திருநின்றவூரில் இருந்துகொண்டு, மேற்கே வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை, கிழக்கே பட்டாபிராம், ஆவடி, அம்பத்தூர், தெற்கே பூந்தமல்லி வரை அலாரம் மாட்டி வருகிறேன். சென்சார் ஒட்டுவதும் ஒயர் இழுப்பதும் சைரனை மேலே ஏற்றுவதும் கை பழகிய எந்தப் பையனும் செய்துவிடுவான். ஆர்ம் செய்த, அதாவது அலாரத்தை விழிக்கவைத்த பிறகு வீட்டுக்காரர் வெளியேற எத்தனை விநாடி கொடுப்பது, திரும்பி வந்து கதவைத் திறந்ததும் கோடு எண் அழுத்த எத்தனை விநாடி கொடுப்பது என்பதில்தான் தொழில் தெரிந்தவன் யார் என்று தெரியும். முன்னதை எக்ஸிட் டிலே என்போம், பின்னதை என்ட்ரி டிலே என்போம்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் டிலே என்ற பேச்சே பாதி வீடுகளில் கிடையாது. ரிச்சி தெருவில் உதிரி வாங்கி நாங்களே கோத்த பெட்டிதான். கதவு நிலையில் ஒரு ரீட் சுவிட்ச், கதவில் ஒரு காந்தம், உள்ளே ஒரு ரிலே, 12 வோல்ட் பேட்டரி, மேலே ஒரு சைரன். கதவுக்கு வெளியே, செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னாலோ மீட்டர் பெட்டிக்கு அடியிலோ ஒரு சாவி சுவிட்ச் ஒளிந்திருக்கும். வெளியே வந்து கதவைப் பூட்டிவிட்டுச் சுவிட்சைத் திருப்பினால் அலாரம் விழித்துக்கொள்ளும். வரும்போது முதலில் அதைத் திருப்பி அணைத்துவிட்டுத்தான் கதவைத் தொட வேண்டும். விநாடிக் கணக்கே இல்லை. ஒரு தொல்லைதான்: சாவி சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று பால்காரர், பேப்பர் போடும் பையன், வேலைக்கார அம்மா எல்லோருக்கும் ஒரு மாதத்தில் தெரிந்துவிடும்.

அதனால் சுவிட்சை வீட்டுக்குள் கொண்டுபோனோம். கொண்டுபோனதும் டிலே தேவைப்பட்டது. அப்போது எங்கள் கடிகாரம் 555 என்ற எட்டுக்கால் ஐசி. 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் 470 கிலோ ஓம் ரெசிஸ்டரும் போட்டால் கிட்டத்தட்ட 52 விநாடி வரும். காகிதத்தில்தான் அந்த 52. கெப்பாசிட்டரில் மின்கசிவு இருந்தால், சித்திரை வெயிலில் பெட்டி சூடேறியதும் நேரம் நீண்டுகொண்டே போகும். சில பெட்டிகளில் டிலே முடியவே முடியாது. வீட்டுக்காரர் ஆர்ம் ஆகிவிட்டது என்று நம்பி ஊருக்குப் போயிருப்பார், அலாரம் இன்னும் அவர் வெளியேறக் காத்திருக்கும். நாலைந்து வருஷம் போனால் அதே கெப்பாசிட்டர் உள்ளே காய்ந்து நேரம் பாதியாகும். "நேத்து வரைக்கும் நல்லாதானே இருந்துச்சு தம்பி, இன்னிக்கு செருப்பு மாட்டறதுக்குள்ள கத்துது" என்று யாராவது வந்தால், பழைய கெப்பாசிட்டரைக் கழற்றிப் புதியதைப் பற்றவைத்துவிட்டு வருவேன்.

கீபேட் வைத்த வெளிநாட்டுப் பேனல்கள் இந்தப் பக்கத்து வீடுகளுக்கு வந்தபோது விநாடி சுத்தமானது. மைக்ரோபிராசசர் எண்ணுகிறது; வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் இன்னொரு சோம்பேறித்தனம் வந்தது. டிஎஸ்சி பேனலில் 005 என்ற பிரிவுக்குள் போனால் மூன்று மூன்று இலக்கமாக 030, 045, 120 என்று இருக்கும். முதல் வாசலுக்கு என்ட்ரி 30 விநாடி, இரண்டாவதுக்கு 45, எக்ஸிட் இரண்டு நிமிடம். ஹனிவெல் விஸ்டா என்றால் 34-ஆம் இடத்தில் எக்ஸிட் 60, 35-ஆம் இடத்தில் என்ட்ரி 30. கம்பெனி வைத்து அனுப்பும் எண்கள் இவை. பெரும்பாலான பையன்கள் அந்த இடத்துக்குள் போவதே இல்லை. ஒயரை மாட்டி, சைரனைக் கத்தவிட்டுக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கார் நிறுத்தும் ஷெட்டிலிருந்து நேராக வீட்டுக்குள் போகும் அமெரிக்கக் குடும்பத்துக்குக் கணக்குப் பண்ணிய நேரம், எங்கள் ஊர் ஏரிக்கரைப் பக்கத்தில் மூன்று பூட்டுப் போடும் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆவடி தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு சார் வீட்டில் எக்ஸிட் டிலேயை மூன்று நிமிடமாக வைக்கச் சொன்னார்கள். மார்கழி மாதம். விடிகாலையில் சாரும் வீட்டு அம்மாவும் பக்தவத்சலப் பெருமாள் கோயிலுக்குக் கிளம்புவார்கள். இரண்டு நிமிடம் போதவில்லை, தெருவே எழுந்துவிடுகிறது என்றார். "நீங்க ஒருவாட்டி கிளம்புங்க சார், நான் பார்க்கிறேன்" என்று கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஹாலில் நின்றேன். சார் கோடு அழுத்தினார், கீபேட் பீப் பீப் என்று எண்ண ஆரம்பித்தது. அம்மா அடுக்களைக்குப் போய் ரெகுலேட்டரைத் தொட்டுப் பார்த்தார். பின் கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தார். சார் குனிந்து செருப்பு மாட்டினார். முட்டி வலி, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் மாட்ட முடியும். அம்மா பூக்கூடையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, துளசி மறந்துவிட்டது என்று மறுபடி உள்ளே போனார். கதவு சாத்தும்போது கீபேட் கடைசிப் பத்து விநாடிக்கான வேகமான பீப்புக்கு வந்திருந்தது.

மூன்று நிமிடம் வைத்தால் மூன்று நிமிடமும் ஆகும் என்று எனக்குத் தெரிந்தது. நேரம் இருக்கிறது என்று தெரிந்தால் அம்மா கொல்லைப் பக்கமும் ஒருமுறை போய்வருவார். எக்ஸிட் டிலேயை 60-ஆகக் குறைத்தேன். சார் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். கீபேடை ஹாலின் உள்சுவரிலிருந்து கழற்றி வாசல் கதவுக்கு இரண்டடி தள்ளி, செருப்பு மாட்டும் இடத்துக்கு மேலேயே வைத்தேன். எல்லாம் முடிந்து, செருப்பும் மாட்டி, அம்மாவும் வாசல்படி தாண்டிய பிறகு சார் கோடு அழுத்தினால் போதும்; கதவைச் சாத்த நாலு விநாடி. பூட்டுவதெல்லாம் வெளியே நின்று செய்கிற வேலை, காந்தம் ஒட்டிவிட்டால் அலாரத்துக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. அவர்கள் இத்தனை நாளும் கிரில் கேட், காம்பவுண்டு கேட் பூட்டும் நேரத்தையும் அந்த இரண்டு நிமிடத்துக்குள் அடக்கப் பார்த்துப் பதறிக்கொண்டிருந்தார்கள். நிறைய வீடுகளில் இந்தக் குழப்பம் உண்டு. எந்தக் கதவில் காந்தம் இருக்கிறதோ அதோடு கணக்கு முடிந்தது என்று ஒருமுறை சொல்லிவிட்டால் பாதி புகார் குறையும்.

மறந்த பொருளை எடுக்கத் திரும்பி வருவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளியூர் கிளம்பி வாசல் தாண்டியவர் திரும்பி வந்தால் அப்படியே போகக் கூடாது, உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது நம் வீடுகளில் வழக்கம். சில பேனல்களில் எக்ஸிட் டிலே ஓடும்போதே கதவு மறுபடி திறந்தால் விநாடி முதலிலிருந்து ஓடும். ஆனால் ஒரு தடவைதான். திரும்பி வந்தவர் சோபாவில் சாய்ந்து சொம்புத் தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் அந்தச் சலுகையும் தீர்ந்து, ஹாலில் இருக்கும் மோஷன் சென்சார் அவரையே திருடனாகப் பிடித்துவிடும். ஒருமுறை திருப்பதி கிளம்பிய குடும்பத்துக்கு இப்படி நடந்து, சகுனம் சரியில்லை என்று பயணத்தையே தள்ளிப் போட்டார்கள். நான் எல்லா வீட்டிலும் சொல்வது இதுதான்: திரும்பி வந்தால் முதலில் கோடு அழுத்தி அணையுங்கள், அப்புறம் உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருங்கள்.

எக்ஸிட் டிலே நீண்டால் நேரம்தான் வீண். என்ட்ரி டிலே நீண்டால் திருடனுக்கு லாபம். அந்த லாபம் எங்கள் பக்கத்தில் இன்னும் அதிகம், காரணம் இருக்கிறது. இங்கே பகலிலோ இரவிலோ பூட்டிய வீட்டில் நடக்கும் திருட்டைப் பத்திரிகையில் பாருங்கள், எல்லாவற்றிலும் "பூட்டை உடைத்து" என்ற இரண்டு வார்த்தை இருக்கும். வெளியே தொங்கும் பூட்டே உள்ளே ஆள் இல்லை என்று விளம்பரம் செய்கிறது. ஜன்னலுக்கெல்லாம் கனமான கம்பி போட்டிருப்போம். அதனால் அவன் கடப்பாரையோடு நேராக முன்வாசலுக்குத்தான் வருகிறான், வீட்டுக்காரர் வரும் வழியாகவே. அந்த ஒரு கதவுக்குத்தான் நாம் அவகாசம் வைத்திருக்கிறோம்.

வெளிநாட்டு விதிகளைப் பார்த்தால் இரண்டு மனநிலை தெரியும். ஐரோப்பியத் தரவிதி, என்ட்ரி டிலே 45 விநாடிக்கு மேல் போகக் கூடாது என்கிறது. அமெரிக்காவில் பொய் அலாரத்தைக் குறைக்க எழுதிய விதி, 30 விநாடிக்குக் கீழே வைக்கக் கூடாது என்கிறது. ஒருவருக்குத் திருடன் பயம், இன்னொருவருக்குப் போலீஸை வீணாகக் கூப்பிட்டுவிடுவோமோ என்ற பயம். நம் ஊரில் சாதாரண வீட்டு அலாரம் அடித்தால் போலீஸ் தானாக வருவதில்லை. வருவது எதிர்வீட்டு அக்கா. அவர் இரண்டு முறை ஓடி வந்து ஏமாந்தால் மூன்றாம் முறை சீரியலை நிறுத்த மாட்டார். ஆகவே பொய் அலாரமும் கூடாது, நேரமும் நீளக் கூடாது.

நான் முன்வாசலுக்கு 30 வைப்பேன், சில வீடுகளில் 25. பின்கதவு, மொட்டைமாடிக் கதவு, அடுக்களை ஜன்னல் எல்லாவற்றுக்கும் சுழியம். திறந்த நொடியே கத்த வேண்டும். அந்த வழியாக வீட்டுக்காரர் உள்ளே வர வேண்டியதில்லை. ஹால் மோஷன் சென்சாரை, வாசல் கதவு முதலில் திறந்தால் மட்டும் பொறுத்துப் போகும்படி வைப்பேன். கதவு திறக்காமல் ஹாலில் ஆள் நடமாடினால் உடனே அடிக்கும். இதுவரை எல்லோரும் செய்வதுதான். பெட்ரூம் சென்சாரையும் அதே வகையில் சேர்த்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. உள்ளே வரும் வீட்டுக்காரர் முதலில் கீபேடுக்குப் போவார். பூட்டை உடைத்து வருகிறவன் ஹாலில் நின்று காலண்டர் பார்க்க மாட்டான். நேராகப் பீரோவுக்குப் போவான். அதனால் பெட்ரூமுக்கு அவகாசமே தர மாட்டேன். வாசலுக்கு 30 விநாடி இருந்தாலும் அவன் ஏழாவது எட்டாவது விநாடியில் பெட்ரூம் வாசலை மிதிக்கும்போது சைரன் எழும்பிவிடும். வீட்டுக்காரருக்கு முப்பது, திருடனுக்கு எட்டு.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரே எதிரி, ரயிலில் வந்த குழந்தை. வேப்பம்பட்டில் ஒரு வீட்டில் அப்பா கதவைத் திறந்ததும் பையன் அவர் கைக்குக் கீழே நுழைந்து, பெட்ரூமை ஒட்டிய பாத்ரூமுக்கு ஓடினான். சென்ட்ரலிலிருந்து அடக்கிக்கொண்டு வந்திருப்பான் போல. சைரன் எழும்ப, பயந்துபோய் அங்கேயே காரியம் முடிந்துவிட்டது. அந்த அம்மா போனில் என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. சென்சாரைப் பீரோ இருக்கும் மூலையைப் பார்த்துத் திருப்பி, பாத்ரூமுக்குப் போகும் ஓரத்தை லென்ஸின் உள்பக்கம் டேப் ஒட்டி மறைத்தேன். விநாடியைக் கூட்டவில்லை.

ராத்திரி நேரம் வேறு கணக்கு. வீட்டில் ஆள் தூங்கும்போது உள் சென்சார்களை விட்டுவிட்டு, கதவு ஜன்னல்களை மட்டும் ஆர்ம் செய்வது வழக்கம். அப்போது முன்வாசலுக்கும் அவகாசம் தேவையில்லை. நடுராத்திரியில் கதவு திறந்தால் உடனே அடிக்க வேண்டியதுதான். ஆனால் விடிகாலை நாலரை மணிக்கு வாசல் தெளித்துக் கோலம் போடக் கதவைத் திறப்பவர் யார்? தூக்கக் கலக்கத்தில் கோடும் நினைவுக்கு வராது, கீபேடும் கண்ணுக்குத் தெரியாது. தெருவில் ஒரே ஒரு வீட்டில் இப்படி இரண்டு நாள் நடந்தால் போதும், ராத்திரி ஆர்ம் செய்வதையே விட்டுவிடுவார்கள். காலை நாலு மணிக்குத் தானாக அணைகிற மாதிரி வைத்துத் தரும் ஆட்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை, கண் அசரும் நேரமே அதுதான். ரிமோட் வந்த பிறகு நான் ஒன்றைக் கோலமாவு டப்பாவுக்குள் போட்டு வைக்கச் சொல்கிறேன். டப்பாவைக் கையில் எடுக்காமல் யாரும் கோலம் போடப் போவதில்லை. மாவு பட்டு ரிமோட்டின் பட்டன் இறுகிப்போகும், ஒரு சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டால் சரியாகிவிடும்.

ஐப்பசி, கார்த்திகை எங்களுக்கு வேலை கூடும் மாதங்கள். மழையில் மரக்கதவு ஊதி நிலையில் உட்காராது. ஒரு தள்ளு தள்ளிப் பூட்டிவிடுவார்கள். மேல் மூலையில் விரல் போகும் இடைவெளி நிற்கும். காந்தம் எட்டாது. எக்ஸிட் டிலே முடிந்ததும் பேனலுக்கு வாசல் இன்னும் திறந்தே இருக்கிறது என்று தோன்றும், ஆட்கள் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்வதற்குள் சைரன். டிலே குறைவாக இருக்கிறது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கதவைச் சீவ ஆசாரியைக் கூப்பிடுங்கள் என்பேன். கோடையில் அது மறுபடி சுருங்கும் என்பதால் ஆசாரியும் அதிகம் சீவ மாட்டார். காந்தத்தை இடைவெளி தாங்கும் பெரிய ரகமாக மாற்றி, மேல் மூலையை விட்டுப் பூட்டுப் பக்கத்துக்கு நகர்த்திவிட்டால் இரண்டு பருவத்துக்கும் சரிப்படும். 2015 டிசம்பர் மழையிலும் 2021 நவம்பர் மழையிலும் ஏரியை ஒட்டிய தெருக்களில் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. கரண்ட் இல்லாத நாட்களில் 7 ஆம்பியர் பேட்டரி ஒரு நாள் தாங்கினால் பெரிய விஷயம். ஆள் இல்லாத வீட்டில் அலாரமும் ஊமையாகிவிட்டது. அதற்குப் பிறகு பேனலை இடுப்பு உயரத்தில் வைப்பதை நிறுத்தி, பரணுக்கு ஏற்றிவிட்டேன்.

சைரனோடு வீட்டுக்காரர் போனுக்கும் அழைப்பு போக வேண்டும். முதலில் தரைவழி போன், பிறகு பேனலுக்குள் செருகிய சிம். அங்கேயும் ஒரு டிலே உண்டு: சைரன் அடித்த பிறகு போன் போவதற்கு முன் அரை நிமிடம். தெரியாமல் அடித்துவிட்டால் அதற்குள் அணைத்துக்கொள்ளலாம், ஊரில் இருக்கும் மாமனாருக்கு நெஞ்சு படபடக்காது. 2018 பிப்ரவரியில் ஒரு செல்போன் சேவை தமிழ்நாடு முழுக்கப் படுத்தபோது, போன் வேலை செய்யாததை மக்கள் அன்றைக்கே கவனித்தார்கள். பரணில் இருந்த பேனலுக்குள்ளும் அதே சிம் கிடந்ததை யாரும் நினைக்கவில்லை. பிறகு தெரிந்ததும் எண்ணை மாற்றி வேறு சிம் வாங்கிப் பேனலில் போட்டார்கள். அதில் சிலது 4ஜி மட்டுமே உள்ளது, பழைய 2ஜி பேனல் அதைத் தொடக்கூட இல்லை. மாதம் ஒருமுறை நீங்களே அடிக்கவிட்டுப் போன் வருகிறதா பாருங்கள் என்று அப்போதிலிருந்து சொல்லிவருகிறேன். கேட்பவர்கள் கொஞ்சம் பேர்தான்.

எங்கள் ஊரும் பேரூராட்சியாக இருந்து நகராட்சியாகிவிட்டது. 2022 ஜனவரி 1 முதல் ஆவடிக்கென்று தனிக் காவல் ஆணையரகம் வந்தது. ஊருக்குப் போனால் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போங்கள் என்று போலீஸ் சொல்வது பழைய வழக்கம். இப்போது நிறையப் பேர் உண்மையிலேயே சொல்கிறார்கள். கேமரா போதும், அலாரம் எதற்கு என்கிறவர்களும் கூடியிருக்கிறார்கள். கேமரா நடந்ததைக் காட்டும், அவ்வளவுதான். குரங்குக் குல்லாயும் முகக்கவசமும் போட்டவனின் முதுகை எத்தனை தரம் ஓட்டிப் பார்த்து என்ன ஆகப் போகிறது என்று வாதம் பண்ணிப் பண்ணி எனக்கே சலித்துவிட்டது.

புதிய பேனல்களில் போனிலேயே ஆர்ம் செய்யலாம். வெளியே வந்து, பூட்டி, கேட்டைச் சாத்திவிட்டுப் போனைத் தட்டினால் ஆயிற்று. எக்ஸிட் டிலேக்கு வேலையே இல்லை. யோசித்துப் பார்த்தால் செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்த பழைய சாவி சுவிட்ச்தான் இது, இப்போது சட்டைப் பையில் இருக்கிறது. என்ட்ரி டிலேயையும் எடுத்துவிடலாம் என்று சொல்லும் விற்பனைப் பையன்கள் இருக்கிறார்கள். நான் எடுப்பதில்லை. போனில் சார்ஜ் போயிருக்கும் நாள் வரும். அன்றைக்குக் கதவைத் திறந்து கீபேடுக்கு நடக்க முப்பது விநாடி வேண்டும்.

போன் வந்ததில் புதுத் தலைவலி, விநாடியை யார் வேண்டுமானாலும் எங்கிருந்து வேண்டுமானாலும் மாற்றலாம் என்பது. போன வருஷம் அமெரிக்காவில் இருக்கும் ஒரு மகன், கோடு அழுத்துவதற்குள் பயமாக இருக்கிறது என்று அம்மா சொன்னதைக் கேட்டு அங்கிருந்தபடியே என்ட்ரி டிலேயை மூன்று நிமிடமாக்கிவிட்டார். எனக்குத் தெரிந்தது வருஷாந்திர சர்வீஸுக்குப் போனபோதுதான். அம்மாவைக் கேட்டேன்: "எதுக்கும்மா பயம்?" பீப் சத்தம் கேட்டதும் கை நடுங்குகிறது, கீபேடில் எண் சின்னதாக இருக்கிறது, கண்ணாடி பைக்குள் இருக்கும் என்றார். கீபேடின் பீப் சத்தத்தைக் குறைத்தேன். கோடு எண்ணை நாலு மூலைப் பட்டனாக மாற்றினேன், தடவியே அழுத்திவிடலாம். அம்மா மூன்று தரம் வெளியே போய் உள்ளே வந்தார், மூன்றாம் தரம் கண்ணை மூடிக்கொண்டு அழுத்திக் காட்டினார். அப்போதே என்ட்ரியை 30-க்குக் கொண்டுவந்து, போனிலிருந்து டிலேயை மாற்றும் அனுமதியை மகன் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன். அன்று ராத்திரி அவர் கூப்பிட்டு, தன்னைக் கேட்காமல் எப்படிச் செய்யலாம் என்று கோபித்துக்கொண்டார். அம்மாவைக் கேட்டுத்தான் செய்தேன் சார் என்றேன்.